செஞ்சியை ஒரே துண்டால் பிடித்தவர்கள்

செஞ்சிக் கோட்டையைப் பிடிப்பது லேசான காரியமில்லை என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து கூடாரம் அடித்தார். பீரங்கி இருந்தது, குதிரை இருந்தது, டில்லியின் கஜானா இருந்தது. கோட்டை கைக்கு வந்ததோ 1698இல். அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள்பலம் இருந்து என்ன செய்ய, துண்டின் அருமை தெரியாத தளபதி.

அதே செஞ்சியில், அமாவாசை சாயங்காலம், பஸ் நிலையத்துக்குள் நுழையும் சிறப்புப் பேருந்தில் ஐந்து இருக்கைகளை ஒருவர் ஒரே மூச்சில் பிடிக்கிறார். கையில் இருப்பது ஒரு துண்டு, ஒரு மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில், மனைவியின் குடை, கடைசிப் பிள்ளை. பிள்ளையும் ஆயுதம்தான். சன்னல் வழியாக உள்ளே விட்டால் அது ஓடிப்போய்ச் சீட்டில் படுத்துக்கொள்ளும். ரத்தம் சிந்தாத வெற்றி. யாருடைய கால் கட்டைவிரலாவது நசுங்கியிருந்தால் அது கணக்கில் வராது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஊரெல்லாம் பெருமை. ஆனால் பாராட்டு மொத்தமும் கல்லுக்கே போய்விட்டது. பஸ் நிலையத்தில் மாதந்தோறும் முற்றுகை நடத்தும் எங்கள் வீரர்களை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குறை தீர நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம். அதைப் பார்க்க நாலா திசையிலிருந்தும் சனம் திரள்கிறது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் அன்றைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. எத்தனை விட்டாலும் ஏற நிற்கும் கூட்டம் அதைவிட ஒரு வண்டி கூடுதலாகத்தான் இருக்கும். தனி ஆள் குறைவு, பெரும்பாலும் குடும்பம்தான். கைக்குழந்தை, மொட்டை போடப் போகும் மூன்று வயதுப் பையன், முட்டிவலிக்காரி மாமியார், எலுமிச்சம்பழ மாலை, புளிச்சோற்றுத் தூக்கு. இத்தனையையும் ஒரு தகரப் பெட்டிக்குள் மரியாதை குறையாமல் அடுக்கும் கலை எங்களுக்குக் கைவந்தது.

துண்டு எறிவதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காய்ந்த துண்டு காற்றில் விரிந்து பக்கத்துச் சீட்டில் விழுந்துவிடும். குழாயடியில் லேசாக நனைத்து, நாலாக மடித்து, ஒரு முனையைச் சுருட்டிப் பிடித்து எறிந்தால் நேராகப் போய் உட்காரும். வண்டி ரிவர்ஸில் வரும்போதே எறிய வேண்டும். நின்ற பிறகு எறிபவன் கத்துக்குட்டி. ஷட்டர் இறக்கியிருந்தால் ஓடிக்கொண்டே ஒரு கையால் அதை ஏற்றிவிட்டு மறுகையால் எறியத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கிரிக்கெட் வாரியத்தின் கண்ணில் இவர்கள் படாமல் போனது நாட்டுக்குத்தான் நட்டம்.

விழுந்த துண்டுக்கு உயிர் வந்துவிடுகிறது. அது அந்த நொடியிலிருந்து ஒரு பயணி. டிக்கெட் வேண்டாம், பெயர் வேண்டாம், முட்டிவலி கிடையாது. அதை எழுப்பும் தைரியம் கண்டக்டருக்கும் இல்லை. கோலூன்றிய கிழவி ஒருத்தி படியேறி வந்து அதன் பக்கத்தில் நின்றபோது நடந்த உரையாடலைக் கேளுங்கள்.

"யப்பா, இங்க யாராச்சும் வராங்களா?"

"ஆளு வருது ஆயா."

"எங்க வருது?"

"டீ குடிக்கப் போயிருக்கு."

"அது வர்ற வரைக்கும் நான் செத்த உக்காந்துக்கறேனே."

"துண்டு போட்டிருக்குது பாரு ஆயா. கண்ணு தெரியலயா?"

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வி. முன்பின் தெரியாத கிழவியை ஆயா என்று உறவு வைத்துக் கூப்பிட்டு, அவள் கண்பார்வையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்க வேறு எந்த ஊரில் ஆள் இருக்கிறது? டீ குடிக்கப் போன ஆள், வண்டி நகர்ந்த பிறகு ஒற்றைக்காலில் தொற்றி ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆயா கம்பிக்குக் கை எட்டாமல் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விழாமல் இருக்க, அந்த மனிதர் தன் சீட்டின் முதுகை மேல்மலையனூர் வரைக்கும் இலவசமாகக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோள் துண்டுக்கு இந்த நாட்டில் பெரிய கதை உண்டு. பண்ணையார் எதிரில் வந்தால் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டிய காலம் ஒன்று இருந்தது. தோளில் துண்டு போட உரிமை கேட்டு சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராகப் பேசியது. பஸ்ஸில் உட்காரும் உரிமையும் சும்மா வரவில்லை. ஒதுக்கப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்று தனியார் பஸ் முதலாளிகள் சொன்ன காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், அப்படிச் செய்கிற பஸ்ஸுக்கு அனுமதி கிடையாது என்று உத்தரவு போட்டார். எங்கள் போக்குவரத்துக் கழகமே 1997 வரைக்கும் தந்தை பெரியார் பெயரில்தான் ஓடியது. அந்தப் பாடு ஒன்றும் வீண்போகவில்லை. துண்டு தோளுக்கு ஏறியது, தோளிலிருந்து சீட்டுக்கும் ஏறிவிட்டது. எல்லாச் சாதித் துண்டும் ஒரே சன்னல் வழியாகத்தான் உள்ளே போகிறது, எல்லாச் சாதிக் கிழவியும் ஒரே கம்பியைப் பிடித்துத்தான் நிற்கிறாள். இதைவிடச் சமத்துவம் வேண்டுமா?

போக்குவரத்துக் கழகத்தையும் குறை சொல்வதற்கில்லை. சன்னலுக்கு மேலே 'பெண்கள்' என்றும் 'முதியோர்' என்றும் 'மாற்றுத்திறனாளிகள்' என்றும் அழகாக எழுதியிருக்கிறார்கள். டிரைவருக்குப் பின்னால் குறள் பலகை. கலைஞர் போக்குவரத்தைக் கவனித்த அண்ணா ஆட்சிக்காலத்தில் பஸ்ஸுக்குள் வந்த வள்ளுவர், இன்றுவரை இறங்கவில்லை. விருந்தோம்பலையும் இனியவை கூறலையும் கற்றுக்கொடுத்துக்கொண்டே வருகிறார். அவரும் உட்காரவில்லை, பலகையில்தான் தொங்குகிறார். அந்த எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் ஞாபகம் வரும். ஔவையார் போய்ப் பார்த்தபோது வேலெல்லாம் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளப்பாக இருந்ததாம். எங்கள் வண்டியில் 'முதியோர்' என்ற எழுத்தும் அப்படித்தான், ஒரு கீறல் இல்லை.

சட்டமும் எங்களை மறக்கவில்லை. 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்க்கக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது. மீறினால் கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீசிலும் ஒப்படைக்கலாம். எங்கள் ஆண்களுக்கு இந்தச் சட்டத்தால் எந்தச் சிரமமும் வரவில்லை. பெண்கள் சீட்டில் உட்கார்ந்த மறுநொடியே அவர்கள் கண் மூடிக்கொள்கிறது. மூடிய கண்ணால் முறைக்க முடியுமா, அடிக்க முடியுமா? இவ்வளவு ஒழுக்கமாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களை வேறெங்கும் காண்பது கடினம்.

அந்தத் தூக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். கர்ப்பிணி ஒருத்தி முன்படியில் கால் வைத்ததும் தொடங்கும். முதலில் போனைச் சட்டைப் பைக்குள் போடுவார். பிறகு தலையைச் சன்னல் கம்பியில் சாய்ப்பார். வாய் லேசாகத் திறந்துகொள்ளும், அது நிபுணத்துவம். வேகத்தடையில் வண்டி எகிறிக் குதிக்கும், ஓட்டுநர் ஏர் ஹாரனை விடாமல் அமுக்குவார், யாரோ மேலே சாய்வார்கள், தூக்கம் கலையாது. ஆனால் சில்லறை பாக்கி தர வேண்டிய கண்டக்டர் இரண்டு சீட்டு தள்ளி நின்று மெதுவாகக் கணக்குப் பார்த்தால் ஒரு கண் திறக்கும். இறங்க வேண்டிய இடம் வந்தால் இரண்டு கண்ணும் திறக்கும். லண்டனில் 2005 முதல் கர்ப்பிணிகள் சட்டையில் வில்லை ஒன்று குத்திக்கொண்டு ரயிலேறுகிறார்களாம், பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று. அங்கே ஆண்கள் விழித்துக்கொண்டே பயணம் செய்கிறார்கள் போலிருக்கிறது. இங்கே வில்லைக்குச் செலவு இல்லை. அவள் ஏறுகிறாள் என்பதை எங்கள் ஆண்கள் மூடிய இமை வழியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நிற்கிறாள். ஒரு கை கம்பியில், ஒரு கை பிள்ளையின் முதுகில், தோளில் பை. வண்டி வளைகிறது, அவளும் வளைகிறாள். உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார். மனசு கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டுகிறார்.

"புள்ளய இப்புடிக் குடும்மா. நான் வச்சுக்கறேன்."

பிள்ளை கைமாறுகிறது. அந்த மீசையை அண்ணாந்து பார்த்துவிட்டு வீறிடுகிறது. அம்மா ஒரு முழம் மேலே நிற்கிறாள், பிள்ளை அவளை நோக்கிக் கை நீட்டுகிறது. "அழாதடா தங்கம், அம்மா இங்கதான நிக்கறாங்க" என்று பெரியவர் சமாதானம் சொல்கிறார். நிக்கறாங்க என்பதில் ஒரு பொய் கிடையாது. அப்புறம் அவள் பையையும் வாங்கிக் காலடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவரின் தூக்குச் சட்டி, பின்னால் நிற்கும் பெண்ணின் தேங்காய்ப் பை, எல்லாம் வந்து சேர்கின்றன. வளத்தி தாண்டுவதற்குள் அவர் மடியில் ஒரு குடும்பத்தின் சொத்து முழுக்க இருக்கிறது. கால் மரத்துப் போகிறது, சட்டையில் பிள்ளை மூக்கைத் துடைத்துவிட்டது, முகம் சுளிக்கவில்லை. மடியைக் கொடுப்பார், தோளைக் கொடுப்பார், பிஸ்கட் இருந்தால் பாதி பிட்டுக் கொடுப்பார். எழுந்து நிற்பது ஒன்றைத் தவிர அந்த மனிதர் செய்யாத உபகாரம் இல்லை. பெற்ற பிள்ளையை முன்பின் அறியாதவர் மடியில் நம்பிக் கொடுக்கும் வழக்கம் உலகத்தில் எத்தனை இடத்தில் மிச்சமிருக்கிறது என்று யோசித்தால் எனக்கே தொண்டை அடைக்கிறது. அதனால்தான் அவர் எழுந்திருக்காததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

குடும்பத் தலைவர்களின் பிள்ளைப் பாசத்தையும் விட்டுவிடக் கூடாது. 2022இல் அரசு ஐந்து வயது வரைக்கும் குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தது. அதற்கு முன்னால் மூன்று வயது வரைதான். சலுகையின் நோக்கத்தை எங்கள் தகப்பன்மார்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். டிக்கெட் இல்லாத பிள்ளைக்கு ஒரு முழுச் சீட்டு, அதுவும் சன்னலோரம். அதன் செருப்புக்குப் பக்கத்தில் பொரிப் பொட்டலத்துக்கு இன்னொன்று. முழு டிக்கெட் வாங்கிய பாட்டி நின்றபடி அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள். தகப்பனும் பெருமையோடு சொல்கிறார்: "பாட்டிக்கு டாட்டா சொல்லு." மரியாதை இளமையிலேயே பழகுகிறது.

அமாவாசை முடிந்து மற்ற நாட்களிலும் கலை அழிந்துவிடுவதில்லை. அனந்தபுரம் பக்கத்துப் பனமலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நூறு நாள் வேலைக்கும், கம்பெனி வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகும் பெண்கள் அதனால் நாள்தோறும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த வண்டி வந்ததும் எங்கள் ஆண்களின் நியாய உணர்ச்சி பொங்கிவிடுகிறது. காசு கொடுத்தவன் உட்கார வேண்டும், காசு கொடுக்காதவள் நிற்க வேண்டும். இதைவிடத் தெளிவான பொருளாதாரம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருவதில்லை. 2022இல் எங்கள் மாவட்டத்து அமைச்சர் ஒருவரே மேடையில் அவர்கள் 'ஓசி'யில் போவதாகச் சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்தது மட்டும்தான் வண்டிக்குள் வந்து சேரவில்லை. அரசாங்கம் கழகத்துக்கு மானியமாகக் கொடுக்கும் பணம் அந்தப் பெண்கள் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுத்த வரியிலும்தான் வருகிறது என்று யாராவது வாய் திறந்தால், உடனே எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள்.

பனமலை மேலே ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷப் பழமை. அங்கே சிறு சந்நிதி ஒன்றின் சுவரில் உமையின் ஓவியம். கிரீடமும் குடையுமாக, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்றபடி சிவபெருமான் ஆடுவதைப் பார்க்கிறாள். ஆடியவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது, அம்மன் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அந்த நிலையை ஓவிய வல்லுநர்கள் புகழ்ந்து எழுதுகிறார்கள். நான் அதைப் பலமுறை டவுன் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். வலது கால் கடுத்தால் இடது காலுக்கு மாற்றி, கம்பத்தில் தோளைச் சாய்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்கிற அதே நிலை. பல்லவர் கலையை இவ்வளவு உயிர்ப்போடு காப்பாற்றி வைத்திருப்பதற்குத் தொல்லியல் துறை எங்கள் ஆண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுந்து இடம் கொடுத்திருந்தால் அந்த மரபு என்றைக்கோ அற்றுப் போயிருக்கும்.

வெளிநாட்டில் இந்த விஷயத்தில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1971இல் திறந்த டிஸ்னி பூங்காவுக்கு விடுதிகளிலிருந்து பஸ் விடுகிறார்கள், குடும்பம் குடும்பமாகத்தான் போகிறார்கள். வரிசை கட்டி நிற்க வேண்டுமாம். பிள்ளையின் தள்ளுவண்டியை ஏறுவதற்கு முன்னால் மடக்க வேண்டுமாம். இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டம் திரும்பும்போது, தூங்கும் பிள்ளையைத் தூக்கி நிற்கும் தாய்க்கு எழுந்து இடம் கொடுப்பது கடமையா இல்லையா என்று அங்கே இன்னமும் வாதம் நடக்கிறது. இடம் வேண்டுமென்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கட்டுமே என்று ஒரு கட்சி, இரக்கமில்லையா என்று இன்னொரு கட்சி. பாவம், இன்னும் வாதத்தில் இருக்கிறார்கள். நாங்கள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டோம். எங்களிடம் வாதமே கிடையாது. மேல்மலையனூரில் ஊஞ்சல் முடிந்து நடுச்சாமத்துக்கு மேல் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் வண்டிக்கு ஓடும்போது யாராவது வந்து கடமை, இரக்கம் என்று பேசிப் பார்க்கட்டும். பேசி முடிப்பதற்குள் அவர் செருப்பு ஒன்று கீழேயும் அவர் மேலேயும் இருப்பார்.

கண்டக்டரையும் ஒரு வார்த்தை. நூறு பேருக்கு நடுவில் நீந்திக்கொண்டே, "பின்னாடி காலியாத்தான் இருக்கு, உள்ள போ, உள்ள போ" என்று சொல்லும் அந்தக் குரலில்தான் எவ்வளவு நம்பிக்கை! பெண்கள் சீட்டில் இருக்கும் ஆணை எழுப்பிவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. எழுப்பினால் வரும் சண்டைக்கு வண்டி நிற்கும், வண்டி நின்றால் டிரிப் போகும், டிரிப் போனால் டெப்போவில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த வண்டியில் ஆயாவோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு மனிதர் அவர்.

கடைசியாகப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம். 'பெண்கள்', 'முதியோர்' என்று சன்னலுக்கு மேலே எழுதுவதை நிறுத்திவிடலாம். உட்கார்ந்திருப்பவர் கண் மூடியிருக்கிறது. அதைப் படிப்பதெல்லாம் எதிரில் நிற்கும் பெண்களும் முதியோர்களும்தான், அவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். அந்தப் பெயின்ட் செலவை மிச்சம் பிடித்து, ஈரோட்டிலிருந்து நல்ல கனமான துண்டாக ஆயிரம் வாங்கி, ஒவ்வொன்றிலும் 'இந்த இடம் பிள்ளைத்தாய்ச்சிக்கு', 'இந்த இடம் ஆயாவுக்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, அமாவாசைக்கு முந்தின நாள் செஞ்சி பஸ் நிலையத்தில் கொடுங்கள். எறிந்து இடம் பிடிப்பது எங்கள் பொறுப்பு.